சீனர்கள் ஏன் விஷயத்தைக் கடைசி வரியில் வைக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "ஷென்ஜெனில் இருக்கும் ஒரு சப்ளையரோடு ஆங்கிலத்தில் மெயில் எழுதிக்கொள்கிறோம். எனக்கு என்ன வேண்டும் என்பதை நான் முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். அவர்கள் எழுதும்போது நலம் விசாரிப்பு, நன்றி, காரணம், இன்னொரு காரணம், எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் விஷயம் வருகிறது. சீனர்கள் சுற்றி வளைத்து எழுதுவார்கள், ஆங்கிலத்தில் நேராக எழுதுவார்கள் என்று ஆபீஸ் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அவர்கள் சிந்திக்கும் விதமே அப்படித்தானா?"

பயிற்சி வகுப்பில் அநேகமாக ஒரு படமும் காட்டியிருப்பார்கள். ஆங்கிலத்துக்கு மேலிருந்து கீழே இறங்கும் நேர்க்கோடு, கிழக்கு நாடுகளுக்கு உள்நோக்கிச் சுற்றும் சுருள். அந்தப் படத்தை வரைந்தவர் ராபர்ட் காப்ளன் என்ற அமெரிக்க மொழியியலாளர். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலையில் இருந்தவர். மாணவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துவிட்டு 1966-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இலக்கணம் சரியாக இருந்தும் இவர்களுடைய கட்டுரைகள் ஏன் அமெரிக்க ஆசிரியருக்கு உறுத்துகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. நல்ல கேள்வி. பதிலாக ஐந்து கிறுக்கல் படங்களைப் போட்டு, ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒரு சிந்தனை வடிவம் என்றார். அங்கேதான் சிக்கல். சீனரையும் கொரியரையும் ஒரே பெட்டியில் போட்டார். அதைவிடப் பெரிய ஓட்டை, அவர் பார்த்தது அந்த மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதியதை. சீனர் சீன மொழியில் சீனருக்கு எப்படி எழுதுகிறார் என்பதை அல்ல. இருபது வருடம் கழித்து அவரே தன் வாதத்தின் சூட்டைக் குறைத்துக்கொண்டார். ஆனால் படம் தப்பித்துவிட்டது, இன்றைக்கும் ஸ்லைடு ஸ்லைடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆக, நீங்கள் கவனித்தது உண்மை. வகுப்பில் சொன்ன விளக்கம்தான் தப்பு. வரிசை மாறுவதற்குக் காரணம் மூளையின் வடிவம் இல்லை. யார் யாரிடம் பேசுகிறார், கேட்பவருக்குப் பேசுபவர் மேல் எவ்வளவு அதிகாரம், பள்ளிக்கூடம் எந்த வடிவத்துக்கு மார்க் போட்டது, இவைதான் காரணம். பண்பாடு வேலை செய்வதும் இந்த வழியாகத்தான்.

சீனப் பள்ளிகளில் பாடமாக வைக்கும் ஒரு பழைய கதையைச் சொன்னால் இது விளங்கும். சீனா பல நாடுகளாகப் பிரிந்து போரிட்டுக்கொண்டிருந்த காலத்துச் சூழ்ச்சிகளையும் வாதங்களையும் தொகுத்த 'சான் குவோ த்ஸ' என்ற நூலில் இருக்கிறது. கி.மு. 265 வாக்கில் நடந்ததாகக் கணக்கு. சாவோ நாட்டை சின் நாடு தாக்குகிறது. சாவோவின் அரசர் இறந்து, விதவை அரசி ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருக்கிறார். பக்கத்து நாடான சீ உதவிப் படை அனுப்பத் தயார், ஆனால் அரசியின் செல்லக் கடைக்குட்டி சாங்-ஆன் இளவரசனைப் பணயமாக அனுப்ப வேண்டும் என்கிறது. அமைச்சர்கள் வற்புறுத்துகிறார்கள். அரசிக்குக் கோபம் வந்துவிட்டது. "இனிமேல் என் பிள்ளையைப் பணயமாக அனுப்பச் சொல்லி எவனாவது வந்தால், அவன் முகத்தில் காறித் துப்புவேன்" என்கிறார்.

இந்த நேரத்தில் சூ லோங் என்ற வயதான அமைச்சர் பார்க்க வருகிறார். இவர் எதற்கு வருகிறார் என்று அரசிக்குத் தெரியும், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கிழவர் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, "கால் சரியில்லை, அதனால்தான் இத்தனை நாளாக வந்து பார்க்க முடியவில்லை. உங்கள் உடம்பு எப்படியோ என்று கவலையாக இருந்தது" என்கிறார். வண்டியில்தான் போய்வருகிறேன் என்கிறார் அரசி. சாப்பாடு குறையவில்லையே? கஞ்சிதான். "எனக்கும் பசியே எடுப்பதில்லை. ஆனாலும் தினம் கொஞ்சதூரம் விடாப்பிடியாக நடக்கிறேன், அதில் கொஞ்சம் சாப்பிட முடிகிறது." என்னால் அதெல்லாம் முடியாது என்கிறார் அரசி. இந்த இடத்தில் நூல் ஒரு சின்ன வரி போடுகிறது: அரசியின் முகம் சற்றே தளர்ந்தது.

அடுத்து தன் கடைசி மகனைப் பற்றிப் பேச்செடுக்கிறார். பதினைந்து வயது, பெரிய கெட்டிக்காரன் இல்லை, நான் கண்ணை மூடுவதற்குள் அரண்மனைக் காவலில் ஒரு வேலை போட்டுக் கொடுங்கள். அரசிக்கு ஆச்சரியம்: "ஆண்களுக்கும் கடைசிப் பிள்ளை மேல் இவ்வளவு பாசமா?" "பெண்களைவிட அதிகம்." அரசி சிரித்துவிடுகிறார். அப்புறம் கிழவர் மெதுவாக அடுத்த கொக்கியைப் போடுகிறார்: நீங்கள் மகனைவிட யென் நாட்டுக்குக் கட்டிக்கொடுத்த மகளைத்தான் அதிகம் நேசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லை, தப்பு என்கிறார் அரசி. "அவள் புறப்பட்டபோது காலைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். ஆனால் பூசை செய்யும்போதெல்லாம் 'அவள் திரும்பி வந்துவிடக் கூடாது' என்றுதான் வேண்டிக்கொண்டீர்கள். அவள் பிள்ளைகள் அங்கே தலைமுறை தலைமுறையாக ஆள வேண்டும் என்ற தூரத்துக் கணக்கு அது. மகனுக்கு அப்படிக் கணக்குப் போட்டீர்களா? பெரிய பட்டம் கொடுத்தீர்கள், வளமான நிலம் கொடுத்தீர்கள். நாட்டுக்கு ஒரு நன்மை செய்யும் வாய்ப்பை மட்டும் கொடுக்கவில்லை. நாளைக்கு நீங்கள் இல்லாமல் போனால் அவர் எதை வைத்து நிற்பார்?"

"சரி, உங்கள் விருப்பப்படி அனுப்புங்கள்" என்கிறார் அரசி. நூறு வண்டிகளோடு இளவரசன் போகிறான், சீ நாட்டுப் படை வருகிறது. இத்தனை பேச்சிலும் பணயம் என்ற விஷயத்தைக் கிழவர் ஒரு தடவைகூட வாயால் சொல்லவில்லை. முடிவை அரசியே சொல்கிறார்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, சுருள்தான் என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, கி.மு. 237-ல், சின் நாட்டில் வெளிநாட்டு அதிகாரிகள் எல்லோரையும் விரட்டச் சொல்லி உத்தரவு வருகிறது. லீ ஸி என்பவர் ச்சூ நாட்டுக்காரர், அவர் வேலையும் போகிறது. பின்னாளில் சீனாவின் முதல் பேரரசராகப்போகும் மன்னருக்கு அவர் ஒரு விண்ணப்பம் எழுதுகிறார். அதன் முதல் வாக்கியம் என்ன தெரியுமா? "வெளிநாட்டாரை விரட்டுவது பற்றி அதிகாரிகள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு என்பது என் தாழ்மையான எண்ணம்." இன்றைய அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்கூட இந்தத் தொடக்கத்தில் குறை சொல்ல முடியாது. பிறகு சான்றுகளை அடுக்குகிறார்: முன்னோரான நான்கு அரசர்கள், ஒவ்வொருவரும் எந்த வெளிநாட்டாரை வைத்து நாட்டை வளர்த்தார்கள் என்று. அடுத்து ஒரு குத்தல்: நீங்கள் அணியும் முத்தும் மணியும், கேட்கும் இசையும் வெளிநாட்டுச் சரக்குதானே, ஆட்கள் மட்டும் வேண்டாமா? உத்தரவு ரத்தாகிவிட்டது.

ஒரே நாகரிகம், ஏறக்குறைய ஒரே காலம், இரண்டுமே அரசவைப் பேச்சு. ஒன்று காலை இழுத்துக்கொண்டு வருகிறது, மற்றொன்று கதவைத் தட்டாமலே நுழைகிறது. சூ லோங்குக்கு முன்னால் இருந்தவர், இந்தப் பேச்சை எடுத்தாலே துப்புவேன் என்று ஏற்கனவே சொல்லிவிட்ட ஒரு தாய். லீ ஸிக்கு முன்னால் இருந்தவர் நாட்டைப் பெருக்க என்ன வழி என்று பார்க்கும் இளம் மன்னர். அவரிடம் லாப நட்டத்தை நேரே பேசலாம். இந்த வித்தியாசத்தையே ஒரு சாஸ்திரமாக எழுதியவர் ஹான் ஃபேய். லீ ஸியோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர். எடுத்துச் சொல்வதில் கஷ்டம் என்பது அறிவு போதாததோ பேச்சு வராததோ அல்ல, கேட்பவர் மனதை அறிந்து அதற்குப் பொருந்தும்படி பேசுவதுதான் என்கிறார் அவர். டிராகனின் தொண்டையில் தலைகீழாக முளைத்த செதில் ஒன்று உண்டு, அதைத் தொட்டவன் செத்தான், அரசனுக்கும் அது உண்டு என்று எச்சரித்தார். இத்தனையும் எழுதியவர் கடைசியில் சின் நாட்டுச் சிறையில் செத்தார். விஷம் அனுப்பியது அதே லீ ஸிதான் என்கிறது பழைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியனின் நூல்.

இப்படிக் கேட்பவர் ஒரே ஒருவர், அவர் கையில் உங்கள் தலை என்ற நிலையில் வளர்ந்த பேச்சுக் கலை அது. கிரேக்க, ரோமானியப் பேச்சுக் கலை வளர்ந்தது வேறு இடத்தில்: நீதிமன்றத்தில், மன்றத்தில், ஓட்டுப் போடப்போகும் கும்பலுக்கு முன்னால், எதிர்க்கட்சிக்காரனும் பக்கத்திலேயே நிற்கும்போது. அங்கே உன் நிலைப்பாடு என்ன என்று முதலில் சொல்லாவிட்டால் எதிராளி உனக்காகச் சொல்லிவிடுவான். ஆனால் ரோமானியர்களும் ஏமாளிகள் இல்லை. கேட்பவர்கள் பகையாக இருந்தால் நேராகத் தொடங்காதே, நைசாக நுழை என்று ஒரு தனித் தொடக்க வகையே வைத்திருந்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில் மார்க் ஆன்டனி, சீசரைப் புகழ வரவில்லை, புதைக்கத்தான் வந்தேன் என்று ஆரம்பித்து, புரூட்டஸ் மரியாதைக்குரியவர் என்று திரும்பத் திரும்பச் சொல்லியே கூட்டத்தைப் புரூட்டஸுக்கு எதிராகத் திருப்புகிறாரே, அது சூ லோங் செய்ததற்குச் சற்றும் குறைந்த வளைவு இல்லை. இன்றைக்கும் அமெரிக்க வணிகக் கடிதப் பாடநூல்களில், வேலை கிடையாது, கடன் கிடையாது என்று சொல்லும் கடிதத்தில் மறுப்பை முதல் வரியில் போடாதே, நல்ல வார்த்தை சொல்லிக் காரணத்தைச் சொல்லி அப்புறம் மறுப்பைச் சொல் என்றுதான் கற்பிக்கிறார்கள்.

ஆங்கிலத்தின் நேர்க்கோடும் பிறவிக் குணம் இல்லை. 1667-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டியின் வரலாற்றை எழுதிய தாமஸ் ஸ்ப்ராட், அலங்காரம் வேண்டாம், கணிதம்போல வெறும் தெளிவு போதும் என்று விஞ்ஞானிகள் தீர்மானித்ததைப் பெருமையாகச் சொல்கிறார். தீர்மானிக்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் அப்படி இல்லை என்றுதானே பொருள்? ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் அந்தப் பத்தி எதைப் பற்றியது என்று சொல்லிவிட வேண்டும் என்ற விதியைப் பாடநூலாக்கியவர் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் பெய்ன், 1866-ல். பிறகு அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் கட்டுரைப் பயிற்சி கட்டாயமானது. ஓர் ஆசிரியர் கத்தை கத்தையாகத் திருத்த வேண்டும். முதல் பத்தியில் கருத்து, நடுவில் மூன்று பத்தி, கடைசியில் முடிவு என்ற ஐந்து பத்திக் கட்டுரை அந்த உலகத்துக்குப் பொருத்தமான பிள்ளை. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் முன்பின் பழக்கமில்லை, படிப்பவருக்கு நேரமில்லை, ஆகவே புரியவைப்பது எழுதுபவர் பொறுப்பு. ஜான் ஹைண்ட்ஸ் என்பவர் 1980-களில் மொழிகளை இந்தக் கோணத்தில் பிரித்துப் பார்த்தார்: புரியவைக்கும் பாரம் எழுதுபவர் தலையிலா, படிப்பவர் தலையிலா? பழைய சீனம் படிப்பவர் மேல் பாரத்தை வைத்தது, இன்றைய சீனம் எழுதுபவர் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார். காப்ளன் படத்தைவிட இது எனக்கு உபயோகமாகப் படுகிறது.

சரி, சீனாவின் எட்டுக்கால் கட்டுரையைச் சொல்லாமல் விட முடியாது. காப்ளன் பழி போட்டது அதன் மேல்தான். மிங், சிங் அரச வம்சங்களின் காலத்தில் அரசு வேலைக்கான தேர்வில் எழுத வேண்டிய வடிவம். கன்ஃபூசியஸ் மரபின் நான்கு நூல்களிலிருந்து ஒரு வரியைக் கொடுப்பார்கள். ஆனால் அது வளைந்து வளைந்து போகும் வடிவமே இல்லை. முதல் உறுப்பின் பெயரே தலைப்பை உடைத்தல். இரண்டே வாக்கியத்தில் தலைப்பின் உட்பொருளைத் திறந்து காட்டிவிட வேண்டும். மரபாகச் சொல்லும் உதாரணம் ஒன்று அழகானது. தலைப்பு, "குரு சொன்னார்" என்ற இரண்டே சொல். மேற்கொண்டு ஒன்றும் இல்லை. இதை எப்படி உடைப்பது? "சாதாரண மனிதராய் இருந்து நூறு தலைமுறைக்கு ஆசானானார், ஒரு சொல் சொன்னார், அது உலகுக்கே சட்டமானது." முதல் பாதி 'குரு', இரண்டாம் பாதி 'சொன்னார்'. முடிந்தது. அந்த வரி கவிஞர் சூ ஷி வேறொருவரைப் புகழ்ந்து எழுதியது, எடுத்துப் பொருத்திவிட்டார்கள். பொருத்தியதற்குத்தான் பாராட்டு.

ஆக மையக் கருத்து முதல் வரியிலேயே இருக்கிறது. இல்லாதது வேறு: எழுதுபவரின் சொந்தக் குரல். எட்டுக்கால் கட்டுரையில் நீங்கள் ஞானியின் வாயாகப் பேச வேண்டும். "நான் நினைக்கிறேன்" என்பதற்கு இடமே கிடையாது. 1901-ல் அந்தக் கட்டுரையைத் தேர்விலிருந்து நீக்கினார்கள், 1905-ல் தேர்வையே ஒழித்தார்கள். அமெரிக்காவில் படித்துத் திரும்பவிருந்த அறிஞர் ஹூ ஷி 1917-ல், தேய்ந்த சொற்றொடர் வேண்டாம், பழைய மேற்கோள் வேண்டாம், முன்னோரைப் போலச் செய்யாதே என்று எட்டு 'வேண்டாம்'களை எழுதினார். 1942-ல் மாவோவே கட்சிக்காரர்களின் எழுத்தைப் பார்த்து, சோம்பேறிப் பெண்ணின் கால்கட்டுத் துணிபோல நீளம், நாற்றம் வேறு என்று திட்டினார். வழவழ எழுத்தைச் சீனர்களைவிடக் கடுமையாகத் திட்டியவர்கள் குறைவு என்பேன்.

இன்றைக்குச் சீனப் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் மொழித் தாளில் 800 எழுத்துக்குக் குறையாமல் ஒரு கட்டுரை எழுத வேண்டும். வாதக் கட்டுரை என்றால் ஆசிரியர்கள் கொடுக்கும் முதல் அறிவுரை, கதவைத் திறந்ததும் மலை தெரியட்டும் என்பதுதான். அதாவது கருத்தை முதலிலேயே சொல். ஹாங்காங் மாணவர்களை வைத்து பெர்னார்ட் மோகனும் அவருடைய சக ஆய்வாளரும் 1985-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள்: சீனக் கட்டுரைப் பாடநூல்கள் ஆங்கிலப் பாடநூல்கள் சொல்வதையேதான் சொல்கின்றன, மாணவர் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்குப் பெரிய காரணம் வகுப்பில் வாக்கியத்தைத் தாண்டிக் கட்டுரை அமைப்பைச் சொல்லிக்கொடுக்காததுதான் என்று.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் மட்டும் அல்ல. எதைச் சான்றாக ஏற்பது என்பதில் அதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கிறது. காவ்காவ் கட்டுரையில் விடாமுயற்சி என்றால் சீமா சியன் வருவார், விதைநீக்கத் தண்டனை பெற்ற பிறகும் வரலாற்றை எழுதி முடித்தவர். அவரோடு இன்னும் இரண்டு பெரியவர்கள், ஒரே அளவில் வெட்டிய இணை வாக்கியங்களில் வரிசையாக நிற்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த சான்று என்பதுதான் அதன் பலம்: நம் இருவருக்கும் பொதுவான சொத்திலிருந்து எடுக்கிறேன், நீ மறுக்க முடியாது. ஆங்கில ஆசிரியருக்கு அதே காரணத்தால் அது செல்லாக் காசு. எல்லோருக்கும் தெரிந்ததை ஏன் சொல்கிறாய், நீ கண்டது என்ன என்பார். ஷான்ஷி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த கரோலின் மாட்டலீன் 1985-ல் எழுதிய கட்டுரை முழுக்க இந்த மோதல்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இதை அனுபவித்து எழுதியவர் ஃபான் ஷென். சீனாவில் வளர்ந்து அமெரிக்காவில் ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றவர். 1989-ல் அவர் எழுதியதன் சாரம்: 'நீ நீயாக இரு' என்று ஆசிரியர் சொன்னார், ஆனால் நான் நானாக இருந்தால் மார்க் வரவில்லை. 'நான்' என்று எழுதுவது அடக்கமில்லாதது, 'நாம்' என்பதுதான் முறை என்று வளர்ந்தவர், ஆங்கிலத்துக்கென்று ஒரு புது 'நானை' உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் மெயிலுக்கு வருகிறேன். கோரிக்கைக் கடிதத்தைப் பொறுத்தவரை, காரணம் முன்னே கோரிக்கை பின்னே என்பது சீனத்தில் நிஜமாகவே வழக்கம். ரேடியோ ஆஸ்திரேலியாவின் சீன மொழிப் பிரிவுக்கு நேயர்கள் எழுதிய கடிதங்களை ஆண்டி கிர்க்பாட்ரிக் ஆராய்ந்தார். விளிப்பு, நிகழ்ச்சியைப் பாராட்டி உறவை ஏற்படுத்தும் சில வரிகள், தன்னைப் பற்றியும் தேவையைப் பற்றியும் காரணம், அப்புறம்தான் 'இதை அனுப்பி வைக்க முடியுமா'. சீன அரசு அலுவலகத்தில் மேலிடத்தின் அனுமதி கேட்டு எழுதும் கடிதத்துக்கு இது எழுதப்பட்ட நடைமுறையே: முதலில் காரணம், பிறகு கேட்கும் விஷயம், கடைசியில் "இது சரியா இல்லையா, உத்தரவிடுங்கள்" என்ற நிலையான வாக்கியம். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்கலாம். ஆனால் இதே கடிதத்தின் தலைப்பில் எதைப் பற்றிய கோரிக்கை என்பது பளிச்சென்று இருக்கும். ஆக உள்ளே காரணம் படிக்கும் மேலதிகாரிக்கு எங்கே போகிறோம் என்பது முதலிலேயே தெரியும். ஆங்கில மெயிலுக்கு மாறும்போது தலைப்பு வரி 'ஆர்டர் பற்றி' என்று சுருங்கிவிடுகிறது, உடல் மட்டும் பழைய வரிசையில் வருகிறது. உங்களுக்கு எரிச்சல் அங்கேதான் உண்டாகிறது.

மொழியியலாளர்கள் ரான் ஸ்காலனும் சுசேன் ஸ்காலனும் ஹாங்காங்கிலிருந்து காட்டும் ஓர் உதாரணம் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஹாங்காங் சீனாவின் கைக்கு மாறிய 1997-க்கு முன், ஒரு வணிகக் கூட்டத்தில் சீனர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிறார்: நம் உற்பத்தி பெரும்பாலும் சீனாவில் நடப்பதால், 1997 நெருங்கும்போது அரசு என்ன செய்யும் என்று தெரியாததால், டிவி விளம்பரத்துக்குச் செலவு அதிகம் என்பதால் ஜாக்கிரதை தேவை என்பதால், முடிவைத் தள்ளிப்போடலாம் என்கிறேன். ஆங்கிலேயர் காதில் முதல் மூன்றும் நோக்கமில்லாத புலம்பல். தள்ளிப்போடலாம் என்பதை முதலில் சொல்லியிருந்தால் சீனர் காதில் அது முரட்டுத்தனம்: காரணமே சொல்லாமல் முடிவை என் தலையில் கட்டுகிறான். மேலே நான் எழுதிய தமிழ் வாக்கியம் உங்களுக்கு இயல்பாகவே பட்டிருக்கும். நம் இலக்கணமும் 'என்பதால்' எல்லாவற்றையும் முன்னே தள்ளிவிட்டு வினையைக் கடைசியில் வைப்பதுதான். சீனர் சுற்றுகிறார் என்று ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் நமக்குத் தோன்றுகிறது.

செய்ய வேண்டியது சுலபம். அவர்கள் மெயிலைக் கடைசிப் பத்தியிலிருந்து படியுங்கள், பிறகு மேலே போங்கள். ஆனால் மேலே இருப்பதைத் தாண்டிவிடாதீர்கள். எந்த நிபந்தனையில் விலை மாறும், எதில் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க இடமிருக்கிறது என்பது காரணங்களுக்குள்தான் இருக்கும். நீங்கள் எழுதும்போது விலை, அளவு, தேதி போன்ற வழக்கமான விஷயத்துக்கு உங்கள் நேர் வரிசையே போதும், அவர்கள் பழகியிருப்பார்கள். ஆனால் சரக்கில் குறை, பணம் நிறுத்திவைப்பு, ஆர்டர் ரத்து என்றால் சூ லோங்கைக் கொஞ்சம் கடன் வாங்குங்கள்: தலைப்பு வரியில் விஷயத்தைத் தெளிவாகப் போட்டுவிட்டு, உள்ளே இதுவரை நடந்ததையும் காரணத்தையும் சொல்லி, கடைசியில் கேளுங்கள். அவர்கள் பதிலில் 'கொஞ்சம் சிரமம்' என்று வந்தால் பெரும்பாலும் அது முடியாது என்பதுதான். மறுபடி அதையே கேட்காமல், எது முடியும் என்று கேட்டு எழுதுங்கள்.